ஒன்றுவிட்டு ஒரு கதவு

லிந்துலையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரைக்கும் எத்தனை தேயிலைத் தோட்டம் உண்டோ, அத்தனை தோட்டத்திலும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு வெள்ளையடிக்க ஓர் ஆள் இருந்திருப்பான். வேலை முடிந்ததும் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். ஆனால் அடித்த வெள்ளை எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஆற்றில் இறங்கி, எதிர் மலையில் ஏறி, ரோட்டில் நின்று, ஒரு கண்ணை முழுதாகவும் இன்னொரு கண்ணைப் பாதியாகவும் மூடிக்கொண்டு அரை மணி நேரம் பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தோட்டத்துச் சுண்ணாம்பு பாஸ். இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

மேசன், தச்சர், பெயிண்ட்காரர் எல்லோரும் எங்கள் பக்கத்தில் பாஸ்தான். இவர் சுண்ணாம்பு பாஸ். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கராக இருந்த நான் அதைத் தினமும் பேர்ப் பதிவில் எழுதியிருக்கிறேன். இருந்தும் இன்று எவ்வளவு யோசித்தாலும் வரமாட்டேன் என்கிறது. இலங்கைக்குச் சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும் அப்போது. பாஸுக்கு ஐம்பது வயது இருக்கலாம். மனைவி மக்கள் கிடையாது. லயத்திலிருந்து நன்றாகத் தள்ளி, ஆற்றோரம் சுண்ணாம்பு மூட்டைகள் வைக்கும் கொட்டகையில் ஒரு மூலையைத் தடுத்துக் குடியிருந்தார். கதவு என்று சொல்ல அங்கே ஒரு துருப்பிடித்த தகரம் இருந்தது.

அவரிடம் மாட்டிக்கொள்ளாத ஆள் தோட்டத்தில் இல்லை. ரோட்டில் யார் போனாலும் நிறுத்துவார். எதிரே கையைக் காட்டி, “என்னா தெரியுது?” என்பார். “லயம் தெரியுது பாஸ்” என்றால் முகம் சுருங்கிவிடும். “லயம் எனக்கும் தெரியும்ங்க. எத்தனை கூட்டமாத் தெரியுது, அதச் சொல்லுங்க.”

அவருடைய கட்சி இதுதான். மனுஷனுடைய கண் சோம்பேறி. ஒவ்வொன்றாகப் பார்க்க அதற்குப் பொறுமை கிடையாது. ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டிப் போட்டுவிடும். பக்கத்தில் பக்கத்தில் இருப்பதையும் கட்டிவிடும். கட்டில் சேராமல் ஒன்று நின்றுவிட்டால் போதும், அதையே முறைத்துக்கொண்டு நிற்கும். இதை விளக்க அவர் தேத்தண்ணிக் கடையில் நெருப்புக்குச்சிகளை வரிசையாக அடுக்குவார். ஒரு குச்சியை மட்டும் கொளுத்தி அணைத்து நடுவில் வைப்பார். “இப்ப என்னா தெரியுது?” கருகிய குச்சிதான் தெரியும், வேறு என்ன தெரியும். கடைக்காரர் நாளடைவில் நெருப்புப் பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு வியாபாரம் செய்யப் பழகிவிட்டார்.

ஒரு முறை துரை பங்களா வழியில் நட்டிருந்த கற்களுக்கு வெள்ளையடிக்கச் சொன்னார்கள். அடித்துவிட்டு எதிர் மலைக்குப் போய்ப் பார்த்தவர் ஓட்டமாகத் திரும்பி வந்து பங்களா வாசலில் நின்றார். ஒரு கல் மட்டும் முக்கால் அடி விலகி இருப்பதால் கற்கள் இரண்டு குடும்பமாகப் பிரிந்து தெரிகின்றன, உடனே கல்லைப் பிடுங்கி நட வேண்டும் என்றார். துரைக்குத் தமிழ் அரைகுறை. எந்தக் குடும்பம் பிரிந்தது என்று கேட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போய்ச் சொன்னேன், குடும்பம் இல்லை, கல் என்று. துரை என்னையும் பாஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கங்காணி மகள் கல்யாணத்தில் நடந்தது இதைவிட மோசம். மாப்பிள்ளை வீட்டார் சிவப்புத் தலைப்பாகை, பெண் வீட்டார் வெள்ளைத் தலைப்பாகை என்று ஏற்பாடு. பந்தலைப் பார்த்த பாஸுக்கு மனசு தாங்கவில்லை. “சம்பந்தம் பண்ண வந்தவங்க ரெண்டு கட்சியாத் தெரியுறாங்களே” என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பேரின் தலைப்பாகைகளை மாற்றிக் கட்ட வைத்துவிட்டார். பந்தல் என்னவோ பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் பந்தியில் யாரை உட்கார வைப்பது என்று பரிமாறுகிறவர்களுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் மூன்றாம் பந்தியில் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து கங்காணிக்குப் பாஸைக் கண்டால் ஆகாது.

இந்தக் கங்காணி நான் குடியிருந்த லயத்தில் முதல் காம்பரா. குடும்பத்துக்கு ஓர் அறையாக மொத்தம் பன்னிரண்டு காம்பரா, ஒரே வரிசை. எனக்கு ஐந்தாவது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஏழாவது காம்பராவில் செல்லம்மாக்காவும் அவர் மகள் பாக்கியமும் இருந்தார்கள். லயத்தில் பதினோரு கதவுகள் பச்சை. செல்லம்மாக்கா வீட்டுக் கதவு மட்டும் கறுப்பு, தார் பூசிய கறுப்பு.

அந்தக் கதவைப் பற்றித் தோட்டம் முழுக்கத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் செல்லம்மாக்கா வீட்டுக்காரர் சயரோகத்தில் இறந்துபோனார். நோய் வந்த வீடு என்று அடையாளம் தெரியத்தான் தோட்டத்தில் தார் பூசச் சொன்னார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் அந்த வாசலை ஓடிக் கடக்கும். பெண்கள் கொழுந்துக் கூடையை அந்தப் பக்கம் இறக்கி வைக்க மாட்டார்கள். டாக்டரய்யா தாயையும் மகளையும் பார்த்து, இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார். அந்தக் காகிதம் பெட்டிக்குள் இருந்தது. கதவு வெளியே இருந்தது.

பாக்கியத்துக்கு லிந்துலைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் எங்கள் பாக்டரிக்கு வேலையாக வந்தபோது பெண்ணைப் பார்த்தவன். அவனுக்கு விஷயம் தெரியும். அவன் வீட்டாருக்குத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

செல்லம்மாக்கா என்னிடம் வந்தார். பெண் பார்க்க வரும்போது ஆபீஸ்காரன் என்று நானும் கூட இருக்க வேண்டும் என்று கேட்டார். அப்புறம் சொன்னார்: “நான் எதையும் மறைக்கப் போறதில்ல தம்பி. அவங்க வந்து உக்காந்து, தேத்தண்ணி குடிச்சதுக்கப்புறம் நானே சொல்லிப்புடுவேன். ஆனா எதிர் ரோட்டுலயே இந்தக் கதவு கண்ணுல பட்டுடும். அங்க நின்னு யாரயாச்சும் கேப்பாங்க. அப்படியே திரும்பிப் போயிருவாங்க. நான் சொல்றதுக்கு முந்தி கதவு சொல்லிருமே.” முன்பே இரண்டு சம்பந்தங்கள் அப்படி எதிர் ரோட்டோடு திரும்பிப் போயிருந்தன. பாக்கியத்துக்கு இருபத்து மூன்று வயது.

இது பாஸ் காதுக்கு எட்டியது. திங்கட்கிழமை முதல் லயத்தில் அவர் தொல்லை ஆரம்பித்தது. ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து பன்னிரண்டு குச்சிகளை அடுக்கினார். ஏழாவதைக் கொளுத்தினார். பிறகு ஒன்று, மூன்று, ஐந்து, ஒன்பது, பதினொன்று என்று ஒன்றுவிட்டு ஒன்றாகக் கொளுத்தினார். “இப்ப என்னா தெரியுது? கோலம் மாதிரித் தெரியுதுல்ல? ஏழாவது எங்க போச்சுன்னு தேடணும்ல? உங்க கதவுக்கு ஒரு பூச்சு தார் அடிச்சுக்கிறேன்ங்க.”

யார் சம்மதிப்பார்கள்? கறுப்புக் கதவு என்றால் நோய் வந்த வீடு. கங்காணி கதவைச் சாத்தினார். மூன்றாம் காம்பரா சுப்பையா தடியை எடுத்தார். புதன்கிழமை சாயந்தரம் பாஸ் என் வாசலுக்கு வந்தார்.

“அந்த ஒத்தக் கதவுக்குப் பச்சை அடிச்சா முடிஞ்சுது. எதுக்குப் பாஸ் இந்தக் கூத்து?” என்றேன்.

“மூணு தடவை அடிச்சேன் தம்பி. தார் மேல பச்ச நிக்காது. ஒரு வாரத்துல கறுப்புத் திட்டுத் திட்டா மேல வந்துரும். நோவு மேல வருதுன்னாங்க. சுரண்டிட்டேன். உள்மரம் வரைக்கும் ஊறிக் கெடக்கு. புதுக் கதவு கேட்டு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க.”

உண்மைதான். கதவு பழுதில்லாமல் இருப்பதால் மாற்ற முடியாது என்று பதில் வந்தது. அதையும் நான்தான் கோப்பில் வைத்தேன்.

“அப்ப பக்கத்துல ஆறு, எட்டுன்னு அடிங்க. என் வீட்ட விட்டுருங்க.”

“அது மூணும் ஒண்ணாச் சேந்துக்கும் தம்பி. நோவு பரவுன மாதிரித் தெரியும். விட்டு விட்டுத்தான் அடிக்கணும்.” சொல்லிவிட்டுக் குச்சிகளைப் பொறுக்கினார். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார். “தோட்டத்துல யாரும் தார் பூசச் சொல்லல தம்பி. நான் பூசுனது. அன்னிக்கு எல்லாக் கதவுக்கும் பச்ச அடிச்சேன். அந்த வீட்டுக்காரரு இருமிக்கிட்டுக் கெடந்தாரு. பெயிண்ட் வாசம் ஒத்துக்காதேன்னு அந்த ஒரு கதவ விட்டுட்டேன். திரும்பி வந்தா பெயிண்ட் முடிஞ்சு போச்சு. வெறுங்கதவா நிக்குதேன்னு, கூரைத் தகரத்துக்குப் பூசுன தார் மிச்சம் இருந்தத எடுத்துப் பூசிட்டேன். நல்லது செய்யிறதாத்தான் நெனச்சேன். அந்த மாசமே அவரு போயிட்டாரு. சனம் ரெண்டையும் சேத்துக் கட்டிருச்சு.”

“இத எல்லாருக்கும் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். செல்லம்மாவுக்காகப் பொய் சொல்றேன்னுட்டாங்க.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஐந்து வருஷமாக அவர் எதிர் மலையில் நின்று பார்த்தது சுண்ணாம்பை அல்ல. அந்த ஒரு கதவைத்தான்.

இவ்வளவும் கேட்ட பிறகு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் செய்தது வேறு. “பாஸ், நான் ஆபீசுல வேலை பாக்கிறவன். நாலு பேரு வந்து போற வீடு. வேற யாரயாச்சும் பாருங்க” என்றேன். இதை எழுதும்போது இன்றும் கூசுகிறது. உள்ளே அடுப்படியில் என் மனைவி கமலா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் நான் பயப்பட வேண்டும் என்பதை அந்த ஒரு வருஷத்தில் நான் இன்னும் கற்றிருக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து எதிர் ரோட்டு வழியாக வீட்டுக்கு நடந்தேன். வழக்கம் போல் லயத்தைப் பார்த்தேன். கறுப்பாக இரண்டு கதவுகள் தெரிந்தன. அடப்பாவமே, எந்த ஏமாளி சம்மதித்தான் என்று சிரிப்பு வந்தது. கங்காணி வீட்டிலிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இன்னொரு முறை எண்ணினேன். ஆற்றை எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை.

கமலா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “நான்தான் அடிக்கச் சொன்னேன்” என்றாள். “நீங்க வேணாம்னு சொன்னது ஆபீஸ் மனுஷனா. நான் வீட்டு மனுஷியா வேணும்னேன். தொட்டுறாதீங்க, ஈரம்.”

பக்கத்தில் பாஸ் தார் வாளியோடு நின்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. “எதிர இருந்து பாத்தேன் தம்பி. ரெண்டு இருந்தா இன்னும் மோசமாத்தான் தெரியுது. ரெண்டு வீட்டுல நோவு மாதிரி.”

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். முந்தின நாள் வரை கறுப்புக் கதவு செல்லம்மாக்காவின் கஷ்டம். இப்போது அது என் கஷ்டம். மனுஷனுக்கு அடுத்தவர் மேல் எவ்வளவு சீக்கிரம் இரக்கம் பிறக்கிறது என்று நான் கண்டது அன்றைக்குத்தான். சட்டையைக்கூட மாற்றாமல் வீடு வீடாக ஓடினேன். ஒன்பதாம் காம்பராக்காரரிடம் தார் பூசிய கதவைக் கறையான் அரிக்காது என்றேன். அது உண்மை. சுப்பையாவிடம் தார் வாசத்துக்கு அட்டைப்பூச்சி வராது என்றேன். அது பச்சைப் பொய். இருவரும் பாதி மனதோடு தலையாட்டினார்கள். பதினோராம் காம்பராவில் இருந்த அம்மாவிடம் என் பொய்கள் தீர்ந்துபோய், செல்லம்மாக்கா மகளுக்காக என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அதுக்கா? அந்த மனுஷன் வந்து நெருப்புக்குச்சியப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தாரே ஒழிய, செல்லம்மா பேர எடுக்கலையே. அடிச்சிட்டுப் போங்க.”

வெள்ளிக்கிழமை மூன்று கதவும் முடிந்தன. மிச்சம் கங்காணி. சனிக்கிழமை மத்தியானம் பாஸும் நானும் அவரைக் கெஞ்சிக் கூத்தாடி எதிர் ரோட்டுக்கு அழைத்துப் போனோம். பாஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “என்னா தெரியுது கங்காணி?”

கங்காணி பார்த்தார். மூன்றிலிருந்து கடைசி வரைக்கும் கறுப்பும் பச்சையும் மாறி மாறி ஓடி வந்தன. தலைப்பில் மட்டும் இரண்டு பச்சை ஒட்டிக்கொண்டு நின்றன. கண் அங்கேதான் போய் இடறியது. யார் பார்த்தாலும் அந்த முதல் வீட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றும். கங்காணி தாடியைச் சொறிந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மற்ற கண்ணை மூடிப் பார்த்தார்.

“மொதல்லயே என்கிட்ட வந்து முறையாச் சொல்லியிருந்தா, என் கதவுல இருந்துதானே ஆரம்பிச்சிருக்கலாம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. விடிந்ததாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒன்றும் தெரியவில்லை. மலையும் ஆறும் ரோடும் மொத்தமாகப் பனிமூட்டத்தில் மூழ்கிக் கிடந்தன. ஆறு நாள் பாடுபட்டு அடித்த ஐந்து கதவுகளையும் ஆறடி தூரத்திலிருந்துகூடப் பார்க்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எதிர் ரோட்டைக் கடந்து, பாலத்தைக் கடந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள். மாப்பிள்ளை, அவன் தாய், பெரியப்பா. தகப்பன் இல்லாத பிள்ளைக்குப் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். தார் வாசத்துக்கு மூக்கைச் சுளித்தார். கூரை வேலை நடந்தது என்றேன்.

உட்கார்ந்தார்கள். பாக்கியம் தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். செல்லம்மாக்கா எழுந்து நின்றார். பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

“என் வீட்டுக்காரரு சயரோகத்துல போனாருங்க. அஞ்சு வருசம் ஆச்சு. எனக்கும் புள்ளைக்கும் ஒண்ணுமில்லன்னு டாக்டரய்யா எழுதிக் குடுத்த காயிதம் இந்தா இருக்கு. இத நீங்க என் வாயால கேக்கணும்னு இருந்தேன்.”

பெரியப்பா பாதி குடித்த கோப்பையைக் கீழே வைத்தார். காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாப்பிள்ளை தலை குனிந்திருந்தான். “போயிட்டுச் சொல்லியனுப்புறோம்” என்றார் பெரியப்பா. இதற்கு என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். செல்லம்மாக்கா வாசல் வரைக்கும் வந்து, வாங்க என்று சொன்ன அதே மரியாதையோடு போயிட்டு வாங்க என்றார். அந்த மரியாதையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பஸ் நிற்கும் இடம் வரை அவர்களோடு நடந்தேன். எதிர் ரோட்டில் பாஸ் நின்றார். விடிந்ததிலிருந்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துகொண்டார்.

அப்போதுதான் வெயில் வந்தது. மூட்டம் கீழேயிருந்து கலைந்து மேலே போயிற்று. பெரியப்பா எதேச்சையாகத் திரும்பினார்.

“அட, அது என்னா லயம்? ஒண்ணு விட்டு ஒண்ணு கதவு, பாக்க அழகா இருக்கே.”

“அங்கருந்துதானேங்க வாறீங்க” என்றேன்.

“அப்படியா. நாம உக்காந்திருந்த வீடு எது?”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பாஸ் என் கையைப் பிடித்தார். பெரியப்பா இந்தப் பக்கத்திலிருந்து எண்ணினார். அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினார். “அந்தா அதுதான்” என்று ஐந்தாவதைக் காட்டினார். அது என் வீடு. “இல்லங்க, இன்னும் தள்ளி” என்று மாப்பிள்ளையின் தாய் ஒன்பதாவதைக் காட்டினார். பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இப்பதான் எந்திரிச்சு வந்தோம், அதுக்குள்ள எதுன்னு தெரியலையே” என்றார். பிறகு சிரிப்பு அடங்கி, மறுபடி ஒரு முறை எண்ணிப் பார்த்தார்.

“நான் தேத்தண்ணிய முழுசாக் குடிச்சிட்டேன்ங்க” என்றார் அந்தத் தாய் மெதுவாக. “அந்த அம்மா ஒண்ணையும் மறைக்கல. இனிமே என்னா யோசன?”

பெரியப்பா இன்னும் லயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி. தை பொறந்ததும் வச்சுக்குவோம். அந்த வீடு எதுன்னு அன்னிக்கு வந்து தெரிஞ்சுக்கிறேன்” என்றார்.

அவர்கள் போன பிறகு பாஸ் ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்தார். சாக்கை முகத்தோடு இழுத்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது.

லயத்துக்கு ஓடிப்போய் நான்தான் சேதி சொன்னேன். செல்லம்மாக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கமலா அவரை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். பிறகு வெளியே வந்து, அடுப்பில் தார் வாளியை வைத்துச் சூடாக்கினாள். அடியில் ஒரு கை மிச்சம் இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளியும் தார் பூசும் தும்புக்கட்டுமாக ஆற்றோரம் இறங்கினாள். எங்கே போகிறாய் என்றேன். பின்னாலேயே போனேன். சுண்ணாம்புக் கொட்டகைக்குப் போய், பாஸுடைய துருப்பிடித்த தகரத்துக்கு மேலிருந்து கீழ் வரை தார் பூசினாள். இழுத்துப் பூசியதில் முழங்கை வரைக்கும் கறுப்பு.

நான் மறுபடி ரோட்டுக்குப் போனேன். பாஸ் இன்னும் அங்கேயேதான் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, பழக்க தோஷத்தில் எதிரே பார்த்தார். ஒரு கண்ணை மூடினார். இன்னொன்றைப் பாதி மூடினார். உதடு அசைந்தது. ஆறு கதவு வரைக்கும் எண்ணியது எனக்குத் தெரிந்தது. அப்புறம் அவர் பார்வை லயத்தை விட்டு இறங்கி, தேயிலை மலையெல்லாம் தாண்டி, ஆற்றோரம் தனியாகக் கிடந்த கொட்டகையின் கறுப்புத் தகரத்தில் போய் நின்றது.

“என்னா பாஸ் தெரியுது?” என்று அன்று நான்தான் கேட்டேன். அவர் மூடியிருந்த கண்ணைத் திறந்துகொண்டார். எங்கள் லயத்தில் பன்னிரண்டு குடும்பம் என்று ஆபீஸ் பதிவில் எழுதி வந்த நான், அதற்குப் பிறகு யார் கேட்டாலும் பதின்மூன்று என்றுதான் சொன்னேன்.